மெய்நிகர் விலங்குக்காட்சிச்சாலையும் மழலையர் மெய்யறிவும்: வேலிநீக்கவியலை முன்வைத்து

பிள்ளைகள் கம்ப்யூட்டரில் கேம் ஆடினால் “இதில் என்ன கற்றாய்?” என்று கேட்டே தீர வேண்டும் என்பது பெரியோர் மரபு. அம்மரபு வழுவாமல், 2001-இல் புளூ ஃபாங் நிறுவனம் உருவாக்கி மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ‘ஜூ டைக்கூன்’ என்னும் விலங்குக்காட்சிச்சாலை விளையாட்டு இங்கு முதன்மை ஆதாரமாகக் கொள்ளப்படுகிறது. 2019-இல் வந்த ‘பிளானட் ஜூ’ ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது. ஆய்வாளரின் கம்ப்யூட்டர் அதைத் தாங்காது.

கற்றவற்றுள் முதலாவது, உயிரியல். சிங்கத்துக்குப் புல்வெளி, பெங்குவினுக்குப் பனி.

இரண்டாவது, திணையியல். விலங்குக்கு உரிய நிலமும் மரமும் அமையாவிட்டால் சிவந்த கோபமுகம் தோன்றும். நிலத்துக்கேற்ற விலங்கும் மரமும் தொல்காப்பியம் சொல்லும் கருப்பொருள்தானே? எனவே இவ்விளையாட்டு நம்மிடமிருந்து போனதே என நிறுவும் பன்னாட்டுக் கருத்தரங்கம் ஒன்று இன்னும் கூடாதது வியப்பளிக்கிறது. (சான்றிதழும் மதிய உணவும் கட்டணத்தில் அடங்கும்.)

மூன்றாவது, பொருளியல். இச்சாலையில் பராமரிக்கக் கடினமான உயிரினம் பார்வையாளர். பசிக்கும், தாகமெடுக்கும், கால் வலிக்கும், கழிப்பறை வேண்டும். காண்டாமிருகம் இத்தனை படுத்துவதில்லை. பணம் தீர்ந்தால் ஷிஃப்டை அழுத்தியபடி 4-ஐத் தட்ட, பத்தாயிரம் டாலர் வரும். கூடவே வேலிகள் இற்று விழும். இந்தக் கணக்கு பொருளியல் பாடநூல்களில் இத்தனை சுருக்கமாக இல்லை.

இனி வேலிநீக்கவியல். சிங்கக் கூண்டின் வேலியில் ஒரு துண்டைப் பிடுங்கிவிட்டுக் காத்திருத்தல் என இதை வரையறுக்கலாம். வேலி தானாக விழுந்தது என்பது பழைய கொள்கை (மூத்தவன், வாய்மொழி, அடுப்படி வாசல்). இல்லை, அவனே பிடுங்கினான் என்பது மறுப்பு (இளையவள், மறுப்புரை, சிப்ஸ் பொட்டலத்தின் பின்புறம், நாளிடப்படவில்லை). இருவருமே பிடுங்கவில்லை, கரண்ட் போய் வந்ததில் அப்படி ஆயிற்று என்பது சமரசக் கொள்கை (மூத்தவனும் இளையவளும், இணைந்தெழுதிய திருத்திய பதிப்பு, அம்மா அறைக்குள் நுழைந்தபின்).

இளையவள் பிற்காலத்தில் இத்துறையையே தலைகீழாக்கினாள். கூண்டைத் திறப்பது கத்துக்குட்டி வேலை. நடைபாதையில் நிற்கும் பார்வையாளரைச் சுற்றி வேலி கட்டி, உள்ளே சிங்கத்தை விடுவதே முறை என்பது அவள் துணிபு (மேற்படி, சோபாச் சொற்பொழிவுகள், இரண்டாம் தொகுதி, வாயில் இட்லியுடன் நிகழ்த்தப்பட்டதால் சில இடங்கள் தெளிவில்லை). 2002-இன் டைனோசர் விரிவாக்கத்தில் டைரனோசரஸும் கிடைத்தபின், சிங்கவாதிகள் பழைமைவாதிகள் எனத் தூற்றப்பட்டனர். இருதரப்பும் ஒருவர் கட்டுரையை மற்றவர் படிக்காமலே மறுத்தனர். இவ்வொன்றில் பிள்ளைகள் பல்கலைக்கழகத் தரத்தை எட்டிவிட்டதாகத் துணிந்து கூறலாம்.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளராகப் பாட்டி அமர்ந்தார். திணையும் கருப்பொருளும் அவரைக் கவரவில்லை. திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “ஏன்டி, உள்ள விட்டப்போ டிக்கெட்டுக்குக் காசு வாங்கினியே, திருப்பிக் குடுத்தியா?”

விடை காண ஆய்வுக்காலம் ஓராண்டு நீட்டிக்கப்படுகிறது. உதவித்தொகையும்.