ஒரே அண்டாவில் கூழ்

கேள்வி: எங்கள் அறக்கட்டளைக்குப் பழைய கணினிகள் நன்கொடையாக வந்தன. லினக்ஸ் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறோம். ஒவ்வொன்றாக உட்கார்ந்து அப்டேட் செய்து மாளவில்லை. வழி உண்டா?
– வாசகர், திருவேற்காடு

பதில்: உண்டு, செலவே இல்லாமல்! லினக்ஸ் வகைகளான டெபியன், உபுண்டு இரண்டிலும் 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' என்றொரு மென்பொருள் இருக்கிறது. பாதுகாப்புத் திருத்தங்களை அதுவே தினமும் தேடி எடுத்துப் போட்டுக்கொள்ளும். கணினி அந்த நேரத்தில் அணைந்திருந்தாலும் கவலை வேண்டாம், அடுத்து உயிர் பெற்றதும் விட்ட வேலையைத் தொடரும். வகுப்பு நடுவே ரீஸ்டார்ட் ஆகாதபடி மட்டும் அமைப்பைச் சரிபார்த்துவிடுங்கள்.

இனி, ஒவ்வொரு கணினியும் அதே கோப்பைத் தனித்தனியே இறக்குவதால் ஆகும் இணையச் செலவு. ஆடி மாதம் உங்கள் கருமாரியம்மன் ஊரில் ஆளுக்கொரு அடுப்பு மூட்டியா கூழ் ஊற்றுகிறார்கள்? ஒரே அண்டாதானே! அந்த அண்டாவின் பெயர் 'ஆப்ட் கேச்சர் என்ஜி'. ஒரு கணினியில் இதை நிறுவி, மற்றவற்றை அதனிடம் கேட்கச் சொல்லுங்கள். ஒரு கோப்பு இணையத்திலிருந்து ஒருமுறை இறங்கினால் போதும், அத்தனை கணினிகளுக்கும் பரிமாறப்படும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான், அதற்கும் இந்த அண்டா உதவும். தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் பல பிள்ளைகள் பாஸ் லினக்ஸைப் பார்த்திருப்பார்கள்.

ஆனால் புதிய பதிப்புக்கு மாறுவதை இந்த ஏற்பாடு செய்யாது. உபுண்டுவின் எல்.டி.எஸ். (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு வழக்கமான ஆதரவு 5 ஆண்டுகள். அது முடியும் தேதியை இன்றே அலுவலக நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.