சாடியோடு வந்த துரை

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் மாரி பிறந்தால் வெள்ளவாய்க்காலில் சாரத்தை விரித்து வாற்பேத்தை அள்ளாத பொடியன் கிடையாது. அள்ளியதை ஜாம் போத்தலில் விட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தால் பூவரசங்கம்பு காத்திருக்கும். அதையே தாடி வைத்தவர் செய்தால் விலங்கியல்.

1881 நவம்பரில் எர்ன்ஸ்ட் ஹேக்கல் கொழும்பில் வந்திறங்கினார். டார்வினுக்காக ஜெர்மனி முழுக்கத் தவில் அடித்த பேராசிரியர். வலை, நுணுக்குக்காட்டி, மதுசாரச் சாடிகள் என்று பெட்டி பெட்டியாகச் சாமான். யாழ்ப்பாணப் பக்கம் மனுசன் தலைவைத்தும் படுக்கவில்லை. தெற்கே வெலிகமைக்குப் போய் வாடிவீட்டைப் பிடித்துக்கொண்டார்.

வாடிவீட்டைப் பார்த்துக்கொண்ட முதியவரின் முகவெட்டு கிரேக்க ஞானியைப் போல இருந்ததாம். உடனே அவர் 'சோக்கிரட்டீஸ்' ஆனார். உதவிக்கு நின்ற கமமேத என்ற பையன், தேவர்களுக்கு மது வார்த்த 'கனிமீட்' ஆனான். புதுச் சீவராசிகளுக்குப் பெயர் வைக்க வந்தவர் முதலில் மனிதரில் கைபழகினார்.

காலையில் வள்ளத்தில் போய் மெல்லிய வலையை இழுத்து, சிக்கியதைச் சாடியில் அலசி விடுவார். கண்ணாடி போன்ற சொறிமுட்டைகள், கண்ணுக்கே தெரியாத ரேடியோலாரியா என்ற நுண்ணுயிர்கள். ஆனால் வெலிகமை வெயிலுக்குப் பேராசிரியர் என்ற மரியாதை தெரியாது. கரை சேருமுன் சாடித் தண்ணீர் சூடாகி, அதற்குள் இருந்தவை செத்துக் கூழாகிவிடும். ஊர்ச்சனம் வேறு சுற்றி நின்று எட்டிப் பார்க்கும். ஒரு கறிக்கும் உதவாத சாமானுக்கு இவ்வளவு பாடா!

அவருடைய பெரிய அறுவடை வேறு கப்பலில் வந்தது. 1872 முதல் 1876 வரை 'சலஞ்சர்' என்ற ஆய்வுக்கப்பல் உலகக் கடல்களில் வாரிய சரக்கைப் பிரித்து, 1887இல் 3,508 புது ரேடியோலாரியா இனங்களை எழுதித் தள்ளினார். வள்ளமும் இல்லை, வெயிலும் இல்லை. கதிரையை விட்டு எழும்பாமல் செய்த வேலை.

கொக்குவிலில் இப்போது தண்ணீருக்குள் சீவராசி தேடும் தொழில் பி.எச்.ஐ. என்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கையில். சிரட்டை, பழைய டயர், பூச்சாடித் தட்டு என்று குனிந்து குனிந்து நுளம்புக் குடம்பி தேடுவார். டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்பது பள்ளிக்கூடப் பாடம். நுளம்பு அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை: யாழ்ப்பாணக் கரையோரத்தில் உவர்நீரிலும் அதன் குடம்பிகளை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். குடம்பி வளர்த்தால் வழக்குப் போட 2007ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. ஹேக்கல் இன்று இங்கே சாடிகளைப் பரப்பினால், உப்புத்தண்ணீர் என்று சொல்லித் தப்பவும் வழியில்லை, பி.எச்.ஐ. துண்டெழுதிக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வளவுக்குள் இறங்கிவிடுவார்.