சாரல் காற்றும் பவளப்பாறையும்

ராஜபாளையம் வாசகர்: கடல் சூடானால் மலையடிவாரத்தில் இருக்கும் எங்களுக்கு என்ன?

உங்கள் மேற்கு மலையில் பெய்யும் மழை ஓடை ஓடையாக இறங்கி, வைப்பாற்றில் சேர்ந்து, சிப்பிகுளத்தை ஒட்டி மன்னார் வளைகுடாவில் விழுகிறது. அது உங்கள் ஆற்றின் கடல். மழைக்கும் வருவோம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. கொட்டியது. அந்த ஒரு மழையை அப்படியே வெப்பமயமாதல் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் காற்று 1 டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். அந்த ஈரத்தைத் தருவது கடல்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகி: பவளப்பாறை வெளுக்கிறது என்கிறார்களே, கல் எப்படியம்மா வெளுக்கும்?

கல் வெளுக்காது. அந்தக் கல்லைக் கட்டுவது ஓர் உயிர். அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்குச் சோறும் போடுகிறது, நிறமும் கொடுக்கிறது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, அந்தச் சூடு சில வாரம் நீடித்தால் போதும், பவளம் பாசியை வெளியேற்றிவிடும். பாசி போனதும் தெரிவது வெள்ளை எலும்பு. அப்போதும் அது சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் இப்படிப் பெரிய அளவில் நடந்தது. 2020 மே மாதக் கடல் வெப்ப அலைக்குப் பிறகு நீருக்கடியில் போய்ப் பார்த்தபோது 85 சதவீதப் பவளம் வெளுத்திருந்தது.

காப்பாற்றுவது யார் தெரியுமா? உங்கள் ஊருக்குச் சாரல் கொண்டுவரும் அதே தென்மேற்குப் பருவக்காற்று! ஜூனில் அது வலுத்து நீரைக் கலக்கிக் குளிர்வித்தால் பாசி திரும்பி வரும். காற்று தாமதித்தால் சாவுதான்.

சேத்தூர் வாசகர்: மத்தி மீன் ஒரு வருஷம் மலிவு, ஒரு வருஷம் கண்ணிலேயே படவில்லை. ஏன்?

மத்திக்கு நீரின் சூடும், தின்னக் கிடைக்கும் மிதவை உயிரிகளும் ஒத்துவர வேண்டும். 2012-ல் கேரளத்தில் ஏறக்குறைய 4 லட்சம் டன் பிடிபட்டது. 2021-ல் 4 ஆயிரம் டன்கூட இல்லை. பசிபிக் பெருங்கடல் சூடேறும் எல் நினோவும் நம் கடலின் வெப்பமும் காரணம். குஞ்சு மீனையும் விடாமல் அள்ளியதும் காரணம். ஒரு காலத்தில் மேற்குக் கரைக்கே உரியதாக இருந்த மத்தி இப்போது நம் கிழக்குக் கரையிலும் வலையில் விழுகிறது.

வத்திராயிருப்பு வாசகர்: கடல் மட்டம் உயர்ந்து இரண்டு தீவுகள் மூழ்கினவாமே?

பூவரசன்பட்டி, விலங்குசல்லி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் அந்த இரண்டும் இன்று நீருக்கடியில்தான். ஆனால் பழியை முழுக்கக் கடல்மேல் போடாதீர்கள். சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்த மதில் போனது, மணல் கரைந்தது. தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவும் அப்படித்தான் தேய்ந்தது. அங்கே செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். நாம் பலவீனப்படுத்திய கரையைத்தான் உயரும் கடல் முதலில் தின்னும்.

மம்சாபுரம் மாணவி: கடலாமைக்கும் வெப்பத்துக்கும் தொடர்பு உண்டா?

முட்டை புதைந்த மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. சூடு கூடக் கூட எல்லாம் பெண்ணாகவே பொரிக்கும்.

ராஜபாளையம் வாசகி: செத்த பவளம் மீண்டும் வளருமா?

வளர்க்கிறார்கள். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் உயிருள்ள துண்டுகளைச் சிமென்ட் சட்டங்களில் கட்டி நடுகிறார்கள், பிடித்து வளர்கிறது. கவலை இடைவெளியில்தான். பாதிப்பிலிருந்து தேற ஒரு பாறைக்குப் பத்தாண்டாவது வேண்டும். 2010-க்கும் 2016-க்கும் நடுவே கிடைத்தது ஆறு ஆண்டு. அதற்குப் பிறகு நான்கு.