சாவி போட்டால்தான் சார்ஜ்

எண்பதுகளில் டிவிஎஸ் 50 ஓட்டியவர்களுக்கு ராத்திரிப் பயணம் ஆக்சிலேட்டரோடு நடத்தும் பேரம். முறுக்கினால் வெளிச்சம், விட்டால் இருட்டு. பேட்டரி என்ற வஸ்துவே அதில் கிடையாது. இன்ஜினோடு சுற்றும் மேக்னட் அந்த நிமிஷம் உண்டாக்கும் கரண்டு அந்த நிமிஷமே செலவாகிவிடும், சரியான அன்றாடங்காய்ச்சி. எதிரே மாட்டுவண்டி வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். வேகத்தைக் குறைத்தாலோ மாட்டுவண்டி தெரியாது. போதாக்குறைக்கு டெயில் லைட் பல்பு பியூஸ் போனால், அதற்குப் போக வேண்டிய கரண்டும் சேர்ந்து முன்னால் பாய்ந்து ஹெட்லைட் பல்பையும் காவு வாங்கிவிடும். விவரமானவர்கள் டூல்ஸ் பெட்டியில் பழந்துணியில் சுற்றி உபரி பல்பு வைத்திருப்பார்கள்.

எங்கள் சித்தப்பாவிடம் இருந்தது புல்லட். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ்காரர்கள் இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து, பிறகு திருவொற்றியூரில் செய்துகொண்டிருந்த வண்டி. அவருடையது எழுபதுகளின் மாடல், 6 வோல்ட். ஒரே வாட் பல்புக்கு 12 வோல்ட்டில் ஓடுவதைப்போல இரண்டு மடங்கு ஆம்பியர் இதில் ஓட வேண்டும். நடுவில் எங்கேயாவது துருப்பிடித்த எர்த் ஒன்று இருந்தால் போதும், வெளிச்சம் மஞ்சள் பூசிக் குளித்ததாகிவிடும். ஹாரன் அடித்தால் ஹெட்லைட் தலைகுனியும்.

ஆனால் ஹெட்லைட் கூட்டின் மேல் ஒரு ஆம்மீட்டர் உண்டு. சித்தப்பா வண்டியை எடுப்பதைத் தெருவே நின்று பார்க்கும். சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல மெல்ல அழுத்துவார். முள் மைனஸ் பக்கம் சாய்ந்து நிற்கும். பாயின்ட் திறக்கும் இடம் வந்ததும் டக்கென்று நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, இடது கையால் டீகம்ப்ரஸர் லிவரைப் பிடித்து, கிக்கரை இம்மி இறக்கி, லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் ஒரே உதை. முறை தப்பினால் கிக்கர் பதிலுக்கு உதைக்கும். புல்லட் வைத்திருந்த எங்கள் ஊர் வாத்தியார் ஒருவர் ஒரு பருவம் முழுக்க நொண்டிக்கொண்டேதான் பாடம் நடத்தினார்.

அந்தப் பேட்டரிக்கு நடந்த சிசுருஷை தனி. மூடி திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது, டெர்மினலில் பூத்த வெள்ளையை வெந்நீர் விட்டுக் கழுவி கிரீஸ் தடவுவது, இறங்கிப்போனால் கழற்றிக் கடைக்குத் தூக்கிப்போய் ராத்திரி முழுக்கச் சார்ஜுக்குப் போடுவது. ஆசிட் தெறித்துச் சித்தப்பாவின் வேட்டிகளில் கருக்கல் கருக்கலாக ஓட்டைகள். வண்டிக்கு நாம் சார்ஜ் ஏற்றிய காலம் அது.

இப்போது வண்டி நமக்கு ஏற்றுகிறது. அன்றைக்கு ஒரு பேட்டரிக்கும் வழியில்லாமல் இருந்த மொபெட்டின் வம்சத்தில் பிறந்த எக்ஸ்எல் 100-ன் சில மாடல்களில் கம்பெனியே செல்போன் சார்ஜர் வைத்துத் தருகிறது. வாழைத்தார் கட்டிப் போகிறவருக்கும் வழியில் போன் அணையக் கூடாது அல்லவா.

என் பையன் போன வருஷம் 350 சிசி வண்டி வாங்கினான். வந்த வாரமே சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் போய் யூஎஸ்பி சார்ஜர், மொபைல் ஹோல்டர், ஒரு ஜோடி ஃபாக் லைட், சின்னதாய் ஒரு டிஜிட்டல் வோல்ட் மீட்டர் என்று சீர்வரிசை. கைப்பிடியைச் சூடாக்கும் கிரிப்பைக்கூட ஒருவர் எடுத்துக் காட்டினாராம், லடாக் போகிறவர்கள் வாங்குவார்கள் என்று. சென்னை வெயிலில் நிறுத்தி எடுத்தால் எந்தக் கிரிப்பும் அந்த வேலையை இலவசமாகவே செய்யும். ஃபாக் லைட்டுக்குத் தேவையான மூடுபனி இங்கே போகிப் பண்டிகையன்று டயர் எரித்தால் உண்டு.

தினமும் போகிற ஆபீஸுக்குத் தினமும் ஒரு பெண்குரல் வழி சொல்கிறது. வழி சொல்வதால் போனில் சார்ஜ் இறங்குகிறது, இறங்குவதால் சார்ஜர். வெயிலில் போன் கொதித்துப்போய் சார்ஜ் ஏற மாட்டேன் என்று அடம்பிடிப்பதும் உண்டு. மோட்டார் சைக்கிள் அதிர்வில் ஐபோன் கேமராவின் தரம் குறையக்கூடும் என்று ஆப்பிள் கம்பெனியே 2021-ல் எச்சரித்தது. அதற்கும் ஆள் சளைக்கவில்லை. ஹோல்டருக்கு அடியில் அதிர்வு தாங்க ரப்பர் வைத்த ஒரு துண்டு வந்துவிட்டது, அதற்குத் தனி விலை.

ஸ்விகி, ஸொமேட்டோ பையன்களை இந்தக் கிண்டலில் சேர்க்க மாட்டேன். போன் அணைந்தால் அவர்களுக்கு அன்றைய கூலி அணைந்தது. மழையில் போனுக்குப் பாலிதீன் உறை கட்டிவிட்டுத் தாங்கள் நனைந்து போகிறவர்கள் அவர்கள்.

எங்கள் வீட்டு வண்டியில் சார்ஜரை மாட்டியது ஓர் அவசரக்காரர். "நேரா பேட்டரில குடுத்துட்டேன் சார், சாவியே வேணாம், எப்பவும் சார்ஜ் ஏறும்" என்றார், வரம் கொடுக்கிற தோரணையில். சார்ஜரின் நீல விளக்கும் வோல்ட் மீட்டரின் சிவப்பு எண்ணும் ராப்பகலாக மினுங்கின. 20 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும் நாளைக்கு அரை ஆம்பியர்-அவர். 8 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டு வாரம் தாண்டினாலே பெரிசு. பொங்கல் முடிந்து பையன் ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் போய் வந்தபோது ஸ்டார்ட்டர் 'டிக்' என்று மட்டும் சொன்னது. மீட்டரும் அணைந்திருந்தது. பேட்டரி இறங்கியதைச் சொல்ல வேண்டிய மீட்டர், அதையே சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்திருந்தது.

கண் ஆபரேஷனுக்காக வந்து எங்களோடு தங்கியிருந்த சித்தப்பா கீழே இறங்கி வந்தார். 2017 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளில் பகலிலும் ஹெட்லைட் தானாக எரிய வேண்டும் என்று விதி வந்ததை அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் விரலைக் குவித்து விரித்து லைட் எரிகிறது என்று காட்டிக்கொண்டே இருப்பார்.

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற, உதைக்க வேண்டியதுதானே?"

"இதுல கிக்கரே கிடையாது தாத்தா."

"அப்ப செகண்டுல போட்டுத் தள்ளு."

"இவ்ளோ இறங்கிட்டா தள்ளியும் பிரயோஜனம் இல்ல. ஃப்யூயல் பம்புக்குக் கரண்ட் வேணும்."

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "பெட்ரோல் கீழ இறங்கறதுக்கும் கரண்டாடா?"

ஒரு வயசாளி ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தோம். பையிலிருந்து அவர் எடுத்தது டெஸ்ட் லேம்ப்: ஒரு பல்பு, இரண்டு வயர். அதைக் கண்டதும் சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிசுபிசுத்த இன்சுலேஷன் டேப்பை உரித்துப் போட்டுவிட்டு எலக்ட்ரீஷியன் ரிலே வைத்தார். பேட்டரி பாசிட்டிவிலிருந்து பியூஸ் வழியாக ரிலேயின் 30-ம் எண் பின்னில், சார்ஜரும் மீட்டரும் 87-ல், 85 எர்த், 86-க்கு டெயில் லைட் வயரிலிருந்து ஒரு கிளை. "இந்த வயர் ஜாடை மட்டும் காட்டும் தம்பி, சுமைய ரிலே தூக்கிக்கும். சாவிய எடுத்தா எல்லாம் கட்டு." ஜாயின்ட்டைச் சால்டர் வைத்து, ஸ்லீவை ஏற்றி, லைட்டரால் சுருக்கினார். வேறு பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து வண்டியைக் கிளப்பியதும் மீட்டரில் 14.1 வந்தது. சித்தப்பா அந்த எண்ணைக் கண்ணாடி போட்டும் போடாமலும் பார்த்தார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து காது மெஷினின் சார்ஜர் டப்பாவை எடுத்து நீட்டினார்.

"இதுக்கு இதுல ஏறுமா?"

"ஏறும் தாத்தா. ஆனா சாவி போட்டு வண்டி ஓடிக்கிட்டு இருக்கணும்."

"அப்ப ஹெல்மெட் எடு, பீச் வரைக்கும் போய்ட்டு வரலாம்."