வரும்போது இறக்கம்

ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கி வட்டாரத்தில் ஊருக்கு ஒரு ஃபிளைட்டு மாமா இருப்பார். தலைக்கு மேலே இரைச்சல் கேட்டால் டீக்கடையில் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். மாமா கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். "கோலாலம்பூர். இன்னைக்குக் கொஞ்சம் முந்திட்டான்."

திருச்சி விமான நிலையம் என்ற பெயரே அவருக்குப் பிடிக்காது. "இருக்கிறது புதுக்கோட்டை ரோட்டுல. பேரு மட்டும் அவனுக்கு!" 2024-ல் அங்கே புது முனையம் திறந்தபோது சொந்த வீட்டுக் கிரகப்பிரவேசம் போலச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் விமானம் ஏறியது ஒரே ஒரு தடவை. அதுவும் அந்தக் காலத்தில், விடிய விடிய பஸ்ஸில் மெட்ராஸ் போய். அவருடைய அப்பாவுக்கு அதுகூட இல்லை. நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி, ஏறக்குறைய ஒரு வாரம் கடலில் கிடந்து போனவர்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூரும் துபாயும் வானவழியில் ஏறத்தாழ ஒரே தூரம், 3,000 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மாமாவுக்கு இதில் தனிப் பெருமை. "நம்மளை நடுவுல வச்சுத்தான் ரெண்டு ஊரையும் கட்டியிருக்கான்" என்பார்.

டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழம்புகிறவர்கள் அவரிடம்தான் வருவார்கள். சிங்கப்பூருக்குப் போகும்போது கடிகாரப்படி ஆறரை மணி நேரம், திரும்பும்போது ஒன்றரை, அது எப்படி? பறப்பது இரண்டு பக்கமும் நாலு மணி நேரம்தான், அங்கே கடிகாரம் இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது என்று கல்லூரிப் பையன் வாயெடுப்பதற்குள் மாமா முடித்துவிடுவார்: "போறது ஏத்தம். வரும்போது இறக்கம்."

துபாய்க்குப் போக இரண்டரை, வர ஐந்தரை. கிழக்கே ஏத்தம், மேற்கே இறக்கம் என்ற அவர் கொள்கை அதற்கும் பொருந்தித் தொலைக்கிறது! ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்தான் துணிந்து குறுக்கிட்டார்: "கீழ் என்பதிலிருந்து கிழக்கு, மேல் என்பதிலிருந்து மேற்கு. நீங்க தலைகீழாச் சொல்றீங்களே?"

"அது நடந்து போறவனுக்கு, சார்."

ஒரு விஷயத்தில் மட்டும் ஊரே அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. சனிக்கிழமை 00.40 என்று டிக்கெட்டில் இருந்தால் வெள்ளிக்கிழமை ராத்திரியே விமான நிலையத்தில் நிற்கவேண்டும். இது பிடிபடாமல் சனிக்கிழமை சாயங்காலம் கறிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு. மாமா இருக்கும் ஊரில் அது நடக்காது.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன் சிங்கப்பூர் கிளம்பினான். பயணி ஒருவன், வேனில் பதினான்கு பேர். சாயங்காலம் நாலு மணிக்கே மாமா எல்லாரையும் ஏற்றிவிட்டார். விமான நிலையம் எழுபது கிலோமீட்டர்தான். ஆனால் நார்த்தாமலை மாரியம்மனுக்குச் சூடம் ஏற்ற வேண்டும். மாத்தூரில் பெட்டியை நடுரோட்டில் பிரித்து, எடை கூடிவிடுமோ என்று நார்த்தங்காய் ஊறுகாயை வெளியே எடுத்து, அவன் ஆத்தா அழுததும் திரும்ப உள்ளே வைக்க வேண்டும்.

விமானம் நள்ளிரவு தாண்டிக் கிளம்பியது. திரும்பும் வழியில் வேன் பஞ்சர். ஸ்டெப்னியில் காற்றில்லை. எல்லாரும் சாலையோரம் உட்கார்ந்திருக்க, மாமா செல்போனில் மஞ்சள் விமானத்தைப் பார்த்தபடி நேர்முக வர்ணனை கொடுத்தார். "சுமத்ரா பக்கம் போறான்... கடல் மேல சிக்னல் போகும், பதறாதீங்க... இறங்குறான்."

போன் அடித்தது. பையன்தான். சாங்கி விமான நிலையத்தில் இறங்கிவிட்டானாம்.

"ஏழு நிமிஷம் லேட்டு" என்றார் மாமா. வேன் இன்னும் கீரனூரைத் தாண்டவில்லை.