நெருப்புப் போதாதவர்

பினாங்குத் தீவுக்குப் போய், சீனர் கடையில் ஒரு தட்டுச் சார் குவே தியாவோ, தமிழ் முஸ்லிம் கடையில் ஒரு தட்டு மீ கோரேங்கோ உண்டு திரும்பும் குடும்பஸ்தர்களில் பெரும்பாலோர், பாலத்தைக் கடந்து பட்டர்வொர்த்தில் வீடு சேர்ந்ததும், கால் கழுவிப் படுத்து நிம்மதியாக உறங்கிவிடுகிறார்கள். அபூர்வமாக ஒருவருக்கு மட்டும் அன்றிரவு உறக்கம் பிடிப்பதில்லை. உண்டது ஜீரணமாகாததால் அன்று. உண்டதில் ஏறியிருந்த, கருகலும் அல்லாத, புகையும் அல்லாத, இரண்டுக்கும் நடுவில் நின்று நாசியைக் கிறங்க வைத்த அந்த வாசனை, தம் சொந்த வீட்டில் இத்தனை வருஷ தாம்பத்தியத்தில் ஒரு நாளும் எழும்பியதில்லையே என்ற தாபத்தால். சீனர்கள் வொக் ஹெய் என்று போற்றும் அந்த வாசனையைப் பற்றி நள்ளிரவுக்கு அப்பாலும் கைப்பேசியில் ஆராய்ச்சி நடத்தி, விடிவதற்குள் அவர் ஒரு சித்தாந்தத்துக்கு வந்து சேர்கிறார்: தம் மனைவியின் கைப்பக்குவத்தில் யாதொரு குறையும் இல்லை, வீட்டில் நெருப்புத்தான் போதவில்லை.

இந்தச் சித்தாந்தத்தின் முற்பாதியை அவர் உரக்கச் சொல்லியிருந்தால், பின்னால் விளைந்த சங்கடங்களில் பாதி விளையாமலே போயிருக்கும். அவரோ பிற்பாதியை மட்டும் காலைப் பசியாறும் வேளையில் பிரகடனம் செய்கிறார்.

நம்முடைய தாமான்களில் இத்தகைய பிரகிருதி வரிசைக்கு ஒருவராவது இருக்கிறார். ஐம்பதை நெருங்கும் வயது; பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள்; வீட்டுக் கடன் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதுவரை சமையலறைக்குள் அவர் பிரவேசித்தது குளிர்பெட்டியைத் திறந்து மூடுவதற்கு மட்டுமே. சம்பளத்தை ரிங்கிட்டிலும் உடம்பைக் கிலோவிலும் அளந்து வந்தவர், அன்றுமுதல் சகலத்தையும் பி.டி.யு.வில் அளக்கத் தலைப்படுகிறார். ஒரு பவுண்டு தண்ணீரின் உஷ்ணத்தை ஒரு பாரன்ஹீட் டிகிரி உயர்த்தத் தேவையான வெப்பமே ஒரு பி.டி.யு. என்றும், வீட்டு அடுப்பின் ஒரு வாய் மணிக்கு 12,000 பி.டி.யு. தந்தாலே அது உத்தமமான அடுப்பு என்றும், சீன உணவகத்தின் பின்கட்டில் உறுமுகிற அடுப்போ லட்சத்தைத் தாண்டும் என்றும், கோயில் திருவிழாக் கமிட்டியின் கூட்டத்தில், தண்ணீர்ப் பந்தல் பற்றிய தீர்மானத்துக்கும் நன்றியுரைக்கும் நடுவே, சாங்கோபாங்கமாக எடுத்துரைக்கிறார். மின்வாரியத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற பொருளாளர், லட்சம் பி.டி.யு. என்பது சுமார் 29 கிலோவாட் என்று கடித உறையின் முதுகில் கணக்குப் போட்டு, டஜன் மின்கெண்டிகள் ஒரே சமயத்தில் கொதிப்பதற்கு அது சமம் என்று கவலையோடு தெரிவிக்கிறார். கவலைப்படுவதற்காகச் சொல்லப்பட்ட அந்த வாக்கியத்தை நம்மவர் ஒரு நற்சாட்சிப் பத்திரமாகவே ஏற்றுக்கொள்கிறார்.

அடுப்பு வந்து இறங்குகிறது. மூன்று கால்களும், வார்ப்பிரும்புத் தலையும், அந்தத் தலை நிறையக் கண்களுமாக அது காரின் பின்பெட்டியிலிருந்து இறங்கும் போது, வீட்டு அம்மாள் வாசலிலேயே நின்று, அது நடுக்கூடத்தின் வழியாகப் போகக் கூடாது என்றும், கூரைக்குள் எந்த இடத்திலும் எரியக் கூடாது என்றும் இரண்டு நிபந்தனைகள் விதிக்கிறார். இரண்டும் நியாயமான நிபந்தனைகள். ஆகவே பின்சந்துப் பக்கம், துணி காயப்போடும் கொடிக்கும் லோங்காங்குக்கும் இடையில், ஆறடி சதுரத்தில் அதற்கு ஸ்தலம் நிர்ணயமாகிறது. அங்கே தலைக்கு மேல் வெளிச்சம் புகும் பிளாஸ்டிக் கூரை ஒன்று இருந்தது. முதல் மாதத்துக்குள் அது நடுவில் குழைந்து தொங்கியதால், இப்போது இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் இவரைப் பரிகசிக்க எனக்கு மனம் வராது. வீட்டு ரெகுலேட்டர் சுமார் 30 மில்லிபார் அழுத்தத்துக்கு மேல் வாயுவை விடாது; இந்த அடுப்புக்கு உரிய உயர் அழுத்த ரெகுலேட்டரோ, திருகத் திருக, ஒரு பார், இரண்டு பார் என்று ஏறவல்லது. இதை உணர்ந்தவராக, அதற்கென்று உள்ள தடித்த குழாயையே வாங்கி, பூட்டு ஒவ்வொன்றிலும் சவர்க்கார நீரைத் தடவி, குமிழி எழுகிறதா என்று முழங்காலிட்டுப் பார்த்து, முதலில் சுடரைக் காட்டி அப்புறமே திருகைத் திறக்கும் ஒழுங்கைச் சந்தியாவந்தனத்துக்குரிய சிரத்தையோடு அவர் கடைப்பிடிக்கிறார். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே பறந்து போகாமல் தாழ்வான இடம் தேடிப் பதுங்கும். லோங்காங்கைக் காட்டிலும் தாழ்வான இடம் ஒரு வீட்டில் கிடையாது. ஆதலால் சிலிண்டரை லோங்காங்கிலிருந்து எட்ட நகர்த்தி வைக்கிற அளவுக்கு அவருக்கு விவேகம் உண்டு. ஒரு தடவை மட்டும், சுடரைக் காட்ட வேண்டிய கையால் கைப்பேசியை எடுத்து அடுப்பைப் படம் பிடிக்க முற்பட்டதில், வலது புருவம் சிறிது காலம் இல்லாமல் இருந்தது. அலுவலகத்தில் யாரும் அதைப்பற்றிக் கேட்கவில்லை. கேட்காமலே அவர் சொன்னார்.

அப்புறம் குவாலி. வீட்டில் இருந்த ஒட்டாத பூச்சுச் சட்டிகள் 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ந்தால் பூச்சு சிதைந்து கெட்ட புகை கிளப்பும் என்று அவற்றை இவர் இழிவுபடுத்தி ஒதுக்கியது உண்மையில் சரியான காரியமே. புதிய இரும்புக் குவாலியை நெருப்பில் ஏற்றி, அது சாம்பல் நிறம் மாறி மயில் கழுத்து நீலம் பாயும் வரை காய்ச்சி, எண்ணெய் விட்டு, சீனர் வழக்கப்படி ஒரு பிடி கூச்சாய்த் தழையால் உள்வயிறு முழுதும் தேய்த்துப் பழக்கினார். பழக்கிய குவாலியைத் துடைக்காமல் மழையில் விட்டுவிட்டு வெளியூர் போனதும் அவரே; துரு ஏறிய அதை மறுபடி தேய்த்து, காய்ச்சி, எண்ணெய் பூசி உயிர்ப்பித்தவர் அவர் மனைவி. திரும்பி வந்து பார்த்து, 'நல்ல இரும்பு, துருப்பிடிக்கவே இல்லை' என்று அவர் சிலாகித்தார்.

குவாலியைத் தூக்கிச் சோற்றை ஆகாயத்தில் எறிந்து பிடிக்கும் வித்தைக்கு அவர் மேற்கொண்ட அப்பியாசத்தைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். 2020ஆம் ஆண்டில் ராயல் சொசைட்டியின் ஆய்விதழ் ஒன்றில், ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த இருவர், கைதேர்ந்த சமையற்காரர்களைப் படம்பிடித்து ஆராய்ந்து, அவர்கள் விநாடிக்கு ஏறக்குறைய மூன்று முறை குவாலியை வீசுகிறார்கள் என்றும், சோறு கருகாமல் தப்புவதற்கு அதன் ஆகாய சஞ்சாரமே காரணம் என்றும் எழுதியிருக்கிறார்கள். நம்மவர் இதைப் படித்தார். ஆனால் முன்பாதியை மட்டும் படித்தார். அந்தச் சமையற்காரர்கள் குவாலியை முழுதாகத் தூக்குவதே இல்லை, அடுப்பின் விளிம்பில் ஊன்றியபடியே முன்னும் பின்னுமாக ஆட்டுகிறார்கள் என்பதும், சமையற்காரர்களின் தோள்பட்டை நோயைக் குறைக்கும் உத்தேசமும் அந்த ஆராய்ச்சிக்கு உண்டு என்பதும் அதே கட்டுரையில் இருந்த சங்கதிகள். இரண்டு படி மொச்சையைக் குளிர்ந்த குவாலியில் கொட்டி, கார் நிற்கும் முன்கட்டில் நின்று, விநாடிக்கு மூன்று முறை வீதம் அவர் வீசிப் பழகிய அந்த நாட்களில், மொச்சை காரின் கண்ணாடித் துடைப்பானுக்கு அடியிலும், பூஜை அறை வாசற்படியிலும், ஒரு சமயம் தபால் பெட்டிக்குள்ளும் கண்டெடுக்கப்பட்டது. இரவில் வீடு முழுவதும் கோடாலித் தைலம் மணக்கும். வொக் ஹெய் வருவதற்கு முன்னால் அந்த வீட்டில் வந்து குடியேறிய வாசனை அதுதான்.

இவ்வளவு சன்னாகத்துக்கும் பிறகு அரங்கேற்றம். சனிக்கிழமை சாயங்காலம், அழைக்கப்பட்டவர்கள் பன்னிரண்டு பேர், பட்சணம் நாசி கோரேங்.

"ஐந்தே நிமிஷ வேலை" என்று அவர் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். அது பொய்யன்று. நெருப்பின் முன் நிற்கும் வேலை ஐந்து நிமிஷந்தான். அதற்கு முன்னால் இறால் உரிப்பதும், நெத்திலி கிள்ளிக் கழுவிப் பொரிப்பதும், வெங்காயமும் பூண்டும் பொடிப்பொடியாக நறுக்குவதும், மிளகாய் அரைப்பதும், முட்டைகளை உடைத்துக் கலக்குவதும், அனைத்தையும் தனித்தனிக் கிண்ணங்களில் நிரப்பி அவர் கைக்கு எட்டும் வரிசையில் அடுக்குவதுமான மூன்று மணி நேரம், அவருடைய மனைவியின் கணக்கிலும் மகளின் கணக்கிலும் சேர்ந்தது. பெருநெருப்புச் சமையலின் தர்மம் அப்படி: கொழுந்து எழுந்தபின் எதையும் தேடப் போக முடியாது. ஆகவே தேடாதிருப்பவர் ஒருவரும், தேட வேண்டிய அவசியமே எழாமல் பார்த்துக்கொள்பவர் இருவரும் அதற்கு வேண்டும். பெயர் வாங்குவது முதலாமவர்.

"சோறு நேத்தே வடிச்சு ஆற வச்சிருக்கணும்ங்க. இப்ப வடிச்சதுல ஈரம் நிக்கும்" என்று அந்த அம்மாள் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார்.

"அதெல்லாம் சின்ன நெருப்புக்கு எழுதின சாஸ்திரம்மா" என்றார் அவர்.

திருகு திறந்தது. ஜெட் விமானம் ஒன்று பின்சந்தில் இறங்கிவிட்டதாக எண்ணிப் பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் புகுந்தது. நீலக் கொழுந்து குவாலியின் விலாவைச் சுற்றி ஏறியது. விருந்தினர் கைப்பேசிகளை உயர்த்தினர். இரைச்சலில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை. "முட்டை!" என்று அவர் அலறினார். மகள் முட்டையைத் தந்தாள். "இறால்!" தந்தாள். அப்புறம், 29 கிலோவாட் கைவசம் இருக்கும் திமிரில், பன்னிரண்டு பேருக்கும் உரிய சோற்றை ஒரே தவணையில் கவிழ்த்தார்.

இந்த இடத்தில் நெருப்பு தோற்றது. சூடான இரும்பில் சிறிதளவு சோறு விழுந்தால், அதன் மேலீரம் அந்தக் கணமே ஆவியாகப் பறந்து, சோற்றின் முகம் சிவந்து, எண்ணெய்த் துளிகள் கொழுந்தில் பட்டுப் புகையின் மணம் சோற்றில் ஏறும். மலையளவு ஈரச்சோறு விழுந்தால், அவ்வளவு உஷ்ணமும் தண்ணீரைக் கொதிக்க வைப்பதிலேயே செலவாகிவிடும். குவாலியிலிருந்து வெண்ணிற ஆவி எழுந்தது. அவர் குவாலியைத் தூக்கி வீச முயன்றார். அது விரற்கடை அளவு உயர்ந்து, யோசித்து, மீண்டும் உட்கார்ந்தது. சுவருக்கு மேலே பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டியின் முகம் தோன்றிற்று. அவர் வெகு நேரம் குவாலியையே பார்த்திருந்துவிட்டு, "நாசி பாசா லா" என்று மலாயில் ஒரே தீர்ப்புச் சொன்னார். சோறு ஈரம். பரிமாறப்பட்டதை விருந்தினர் குழைசாதம் என்ற பாவனையில் மரியாதையோடு உண்டனர். மனைவியின் தம்பி மட்டும், "மச்சான், ஊறுகாய் இருக்கா?" என்று கேட்டார்.

அவர் காரணம் கண்டுபிடித்துவிட்டார்: அழுத்தம் குறைகிறது. அதுவும் பொய்யன்று. வாயுவை வேகமாக உறிஞ்சினால், உள்ளே திரவமாக உள்ளது ஆவியாவதற்குத் தன் உஷ்ணத்தையே செலவழித்து, சிலிண்டர் சில்லிட்டுப் போகும், அழுத்தமும் இறங்கும். அடுப்புக்கு இந்தப் பக்கம் சிலிண்டர் குளிரில் வியர்த்தது. அந்தப் பக்கம் அவர் வெப்பத்தில் வியர்த்தார். லட்சம் பி.டி.யு. வீதம் எரித்தால் 14 கிலோ சிலிண்டர் ஆறரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்ற கணக்கும் அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. கேஸ்காரருக்குப் போன் செய்ய உள்ளே போனார்.

அவர் உள்ளே இருந்த பத்து நிமிஷத்தில் நடந்ததை நான் கண்ணால் கண்டேன். அந்த அம்மாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, குவாலியைத் துடைத்து, பாதியாய் இளைத்துப்போன அந்தக் கொழுந்திலேயே புகை எழும் வரை காய விட்டு, தட்டில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் ஆற வைத்திருந்த மிச்சச் சோற்றில் இரண்டு தட்டுக்கு மட்டும் எடுத்துப் போட்டார். வீசவில்லை, சட்டுவத்தால் புரட்டினார். சோயா சாற்றைச் சோற்றின் மேல் ஊற்றாமல் குவாலியின் விளிம்பில் ஓடவிட்டார்; அது இரும்பில் பட்டுச் சீறிய கணத்தில், பினாங்கில் எங்கள் எல்லோருக்கும் பரிச்சயமான அந்த வாசனை எழுந்தது. சுவருக்கு மேலிருந்த முகம் தலையசைத்துவிட்டு மறைந்தது.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. பினாங்கில் பேர்பெற்ற சார் குவே தியாவ் கடைகள் சில இன்றும் கரியடுப்பில், ஒரு சமயம் ஒரே தட்டாகத்தான் வறுக்கின்றன. வாடிக்கையாளர் முக்கால் மணி காத்திருந்தாலும் இரண்டு தட்டைச் சேர்த்துப் போடாத பிடிவாதமே அவர்களுடைய மூலதனம். கிரேஸ் யங் என்ற அமெரிக்கச் சீன அம்மையார் குவாலியின் சுவாசத்தைப் பற்றியே 2004இல் ஒரு நூல் வெளியிட்டவர். வீட்டு அடுப்புக்கு 14 அங்குலத் தட்டையடிக் குவாலி போதும், நிறையத் திணிக்காமலிருந்தால் சரி என்பது அவருடைய உபதேசம். அந்த நூல் நம்மவரின் அலமாரியிலும் இருக்கிறது. கொழுந்து தெரியும் படங்களுள்ள பக்கங்களில் அடையாளத் துண்டுகள் வைத்திருக்கிறார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பி வந்தவர் காற்றை முகர்ந்தார், தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து உண்டார், கண்கள் பனித்தன. "பார்த்தீர்களா, நெருப்பு!" என்றார் எங்களைப் பார்த்து. அம்மாள் ஒன்றும் சொல்லாமல் அடுத்த இரண்டு தட்டுக்குச் சோறு எடுத்தார்.

இத்தகையவர் வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் வாசகர்கள் தட்டாமல் போக வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். பருத்திச் சட்டை அணிந்து, காற்று அடிக்கும் திசைக்கு முதுகு காட்டி உட்காருங்கள். முதல் தட்டு வரும்போது, இன்னும் பசியெடுக்கவில்லை என்று சொல்லி, கேஸ்காரருக்குப் போன் செய்ய அவர் உள்ளே போகும் வரை பொறுத்திருங்கள்.