எந்தக் கடல் மட்டம்?

மியூனிக்

அன்புத் தம்பிக்கு,

இங்கு நான் நலம். அங்கு அம்மா, அப்பா, நீ, உன் அரியர் பேப்பர்கள் எல்லாம் நலமா?

கல்லூரியில் ‘குளோபல் மைண்ட்செட்’ கருத்தரங்கு நடத்தி சர்டிஃபிகேட் கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தாய். மே மாத வெயிலில் கோட்டும் டையுமாக நீ நிற்கும் போட்டோவையும் பார்த்தேன். மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது. உலகப் பார்வை வந்ததா என்றுதான் தெரியவில்லை. இங்கே எங்கள் பேராசிரியர் பழைய ஸ்வெட்டரோடு சைக்கிளில் வருகிறார். உன் கோட்டைத் தம்பிதுரை மாமா மகன் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்.

ஜெர்மன்காரர்கள் நேரம் தவறாதவர்கள் என்று சொன்னால் முழுசாக நம்பாதே. இங்கே பல பல்கலைக்கழகங்களில் பத்து மணி வகுப்பு என்றால் பத்தேகாலுக்குத்தான் ஆரம்பம். அட்டவணையிலேயே ‘சி.டி.’ என்று குறித்துவிடுவார்கள். நாம் கால்மணி தாமதமாகப் போனால் சோம்பேறித்தனம். இவர்கள் போனால் பாரம்பரியம்! வகுப்பு முடிந்ததும் கைதட்டவும் மாட்டார்கள், விரல் முட்டியால் மேஜையைத் தட்டுவார்கள். மொத்த வகுப்பும் ஒரே நேரத்தில் தடதடவென்று தட்டியதும், முதல் நாள் நான் பையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தேடினேன்.

இதெல்லாம் வேடிக்கை. வேலை என்று வந்தால் வினை. நாம் தசமப்புள்ளி வைக்கும் இடத்தில் இவர்கள் கமா போடுகிறார்கள். வரைபடத்தில் 2,500 மி.மீ. என்றிருந்தால் இங்கே அது இரண்டரை மில்லிமீட்டர். அம்பத்தூர் பட்டறையில் எட்டடிக்கும் மேல். இவன் வாஷர் கேட்பான், அவன் உத்தரத்தை லாரியில் ஏற்றி அனுப்புவான்.

பெரிய மனிதர்களும் இப்படி அளவுக் குழப்பத்தில் மாட்டியிருக்கிறார்கள். ரைன் நதிக்கரையில் லாஃபென்பர்க் என்று ஓர் ஊர். இக்கரை ஜெர்மனி, அக்கரை சுவிட்சர்லாந்து. 2003-ல் இரு பக்கமிருந்தும் பாலம் கட்டினார்கள். உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்துதானே கணக்கிட வேண்டும்? எந்தக் கடல்? ஜெர்மனிக்கு ஆம்ஸ்டர்டாம் பக்கத்து வடகடல், சுவிஸுக்கு மார்செய் பக்கத்து மத்தியதரைக் கடல். இரண்டுக்கும் 27 செ.மீ. வித்தியாசம். இது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்து, கணக்கில் சேர்த்து, கூட்டல் கழித்தலை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டார்கள். 27 செ.மீ. தீர வேண்டியது, 54 செ.மீ. ஆகி நின்றது! பிறகு ஒரு பக்கத்தைத் தாழ்த்திச் சரிசெய்தார்கள்.

இதிலிருந்து எனக்குப் பட்டது இதுதான்: அடுத்தவன் வேறு மாதிரி என்று தெரிந்திருந்தால் மட்டும் போதாது. “என் பூஜ்யம் இங்கே, உன் பூஜ்யம் எங்கே?” என்று அவனிடமே கேட்டு, இருவரும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். உலகப் பார்வை என்று நான் சொல்வது இந்தக் கேள்வியைத்தான்.

இதைப் பழக விமானம் ஏற வேண்டியதில்லை. கோயம்புத்தூர் பம்ப் செட்டையே எடுத்துக்கொள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சவுதியில் 60. அதே மோட்டார் அங்கே ஏறக்குறைய 20 சதவீதம் வேகமாகச் சுற்றும். பம்ப் இழுக்கும் பவரோ வேகத்தின் மும்மடிக்கணக்கில், அதாவது 70 சதவீதத்துக்கும் மேல், ஏறப் பார்க்கும். காயில் தாங்குமா என்று நீயே போட்டுப் பார். அப்புறம், உன் ஹாஸ்டலில் மணிப்பூர்ப் பையன் ஒருவன் இருக்கிறானே, மூன்று வருஷத்தில் அவனோடு “சாப்பிட்டாயா” தவிர வேறு ஏதாவது பேசியிருக்கிறாயா? அடுத்த பிராஜெக்டை அவனோடு சேர்ந்து செய். வாரத்தில் நாலு தடவை சண்டை வரும். சர்டிஃபிகேட் கிடைக்காது, விஷயம் கிடைக்கும்.

அப்பாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
அண்ணன்

பி.கு.: அம்மாவிடம் பக்குவமாகச் சொல். அவர் காலை ஆறரைக்குக் காபியை ஆற்றிக்கொண்டே எனக்கு வீடியோ கால் போடும்போது, குளிர்காலத்தில் இங்கே ராத்திரி இரண்டு மணி. எடுத்தால், “ஏன்டா முகம் வாடியிருக்கு, சரியாச் சாப்பிடறதில்லையா?” என்கிறார்.